காட்டேரிப் படங்களில் சிலுவை

இரத்தக் காட்டேரியைப் பற்றிய திரைப்படங்களில் எல்லாரும் அறிந்த காட்சி ஒன்றுண்டு: சிலுவையைக் கண்டதும் காட்டேரி அஞ்சிப் பின்வாங்கும். இக்காட்சி காலந்தோறும் எவ்வாறு மாறிவந்தது என்று நோக்குவது, சிலுவையைக் குறித்துப் பிரசங்கிக்கும் நமக்குப் பயன் தரும்.

டாட் பிரௌனிங் இயக்கிய ‘டிராகுலா’வில் (1931) பேராசிரியர் வான் ஹெல்சிங் சிறு சிலுவை ஒன்றை எடுத்து நீட்ட, பேலா லுகோசி நடித்த டிராகுலா முகத்தை மறைத்து விலகுகிறான். டெரன்ஸ் ஃபிஷரின் 1958ஆம் ஆண்டுப் படத்திலோ இரு மெழுகுவர்த்தித் தண்டுகளைக் குறுக்காகப் பிடிப்பதே போதுமாயிருக்கிறது. கிறிஸ்டோபர் லீ நடித்த டிராகுலா சூரிய ஒளிக்குள் தள்ளப்பட்டுச் சாம்பலாகிறான். ஏந்துபவர் எதை நம்புகிறார் என்னும் வினா இவ்விரு படங்களிலும் எழுவதில்லை. சிலுவை இங்கே ஒரு வடிவம். வெளிப்படையாகக் கூறின், ஒரு தாயத்து.

பிற்காலப் படங்கள் இவ்வினாவை எழுப்பின. ‘டிராகுலா ஹாஸ் ரிசன் ஃப்ரம் தி கிரேவ்’ (1968) என்ற படத்தில் நாத்திகனான இளைஞன் டிராகுலாவின் மார்பில் ஆப்பை அறைகிறான். ஆனால் ஜெபிக்க அவனால் இயலவில்லை. டிராகுலா ஆப்பைப் பிடுங்கி எறிகிறான். ‘ஃப்ரைட் நைட்’ (1985) படத்தில் விசுவாசமற்ற நடிகன் ஒருவன் நீட்டிய சிலுவையைக் காட்டேரி எள்ளி நகைக்கிறது. ஸ்கேவாவின் குமாரருக்கு நேரிட்டது (அப். 19) நம் நினைவுக்கு வருகிறது. இது முன்னேற்றமே. எனினும் இப்படங்கள் விசுவாசத்தை மனவலிமையாகச் சுருக்கிவிடுகின்றன. ஆற்றல் ஏந்துபவனின் உள்ளத்திலிருந்து பிறக்குமாயின், மீட்பவர் கிறிஸ்துவா, நமது மன உறுதியா?

இவையனைத்திற்கும் முந்திய மௌனப்படம் ஒன்று வேறு வழி செல்கிறது. முர்னௌ இயக்கிய ‘நோஸ்ஃபெராட்டு’ (1922) படத்தில் காட்டேரியோடு கொள்ளைநோயும் நகருக்குள் வருகிறது. நோய் கண்ட வீட்டுக் கதவுகளில் இடப்படும் குறியாகச் சிலுவை தோன்றுகிறதேயன்றி, ஆயுதமாக அன்று. எல்லன் என்னும் பெண் மனமுவந்து தன் இரத்தத்தை அளித்து, விடியும்வரை காட்டேரியைத் தன்னருகே நிறுத்துகிறாள். கதிரொளியில் அது மறைகிறது, அவளும் மரிக்கிறாள். நகர் பிழைக்கிறது. பிறர் இரத்தத்தை எடுத்து வாழ்வது தீமை; தன் இரத்தத்தைக் கொடுத்து வாழ்விப்பது அன்பு. சிலுவையை உயர்த்திக் காட்டாத இப்படமே சிலுவையின் பொருளுக்கு மிக அண்மையில் நிற்கிறது என்பது என் துணிபு.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். எல்லன் மரிக்கையில் அந்நகரின் ஆடவர் என்ன செய்தனர்? வெர்னர் ஹெர்சாக் 1979இல் இக்கதையை மீண்டும் படமாக்கியபோது, மனைவி உயிரைக் கொடுத்தும் கணவனே காட்டேரியாகிக் குதிரையேறிச் செல்கிறான். ஒருத்தியின் தியாகத்தில் மற்றவர் சுகமாயிருக்கும் ஒழுங்கு தீமையை ஒழிப்பதில்லை. கிறிஸ்து தம்மையே கொடுத்தார். தமக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பவில்லை. வீட்டில் அடிபடும் பெண்ணிடம், “இது உன் சிலுவை, பொறுத்துக்கொள்” என்று கூறும் போதகர், சிலுவையை அவளுக்கு எதிராகவே நீட்டுகிறார்.

சிலுவையைத் தாயத்தாக்குவது ஒரு பிழை. அதைப் பிறர் தோளில் ஏற்றுவது அதனினும் பெரும் பிழை. நமது பிரசங்க மேடைகள் இவ்விரண்டிலிருந்தும் விடுபட்டனவா?