மரியா யாருடைய கதையில் சாகிறார்?

கார்லோ ஜெசுவால்டோவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கொலையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன், ஆனால் கொல்லப்பட்டவரின் பெயரைச் சொல்லி. மரியா தாவலோஸ். 1590 அக்டோபரில் நேப்பிள்ஸ் நகரில் அவரையும் அவருடைய காதலர் ஃபாப்ரிட்சியோ கராஃபாவையும் ஜெசுவால்டோவும் அவருடைய ஆட்களும் சேர்ந்து கொன்றார்கள். பணியாளர்கள் சாட்சியம் அளித்தார்கள். பிரபுவான கணவருக்குத் தண்டனை ஏதும் இல்லை. இவ்வளவும் ஆவணத்தில் இருப்பது.

மற்றவை பிறகு வந்து ஒட்டியவை. தன் பிள்ளைதானா என்ற சந்தேகத்தில் ஒரு கைக்குழந்தையையும் கொன்றார் என்கிறது ஒரு கதை. அதற்குச் சான்று இல்லை. மரியாவின் பிணத்தை ஒரு துறவி சீரழித்தார் என்கிறது இன்னொன்று. செத்த பிறகும் அந்த உடலைக் கதைசொல்லிகள் விடவில்லை. 1995இல் வெர்னர் ஹெர்சாக் எடுத்த படமும் இப்படிப்பட்ட கதைகளில்தான் திளைக்கிறது.

இவற்றைவிட ஆபத்தானதாக எனக்குப் படுவது, கண்ணியமாகத் தோன்றும் மூன்றாவது கதை: குற்றவுணர்வுதான் அந்த விசித்திரமான இசையைப் பிறப்பித்தது என்பது. 1611இல், அதாவது கொலை நடந்து 21 ஆண்டுகள் கழித்து, அச்சான ஐந்தாம், ஆறாம் மாட்ரிகல் தொகுதிகளில் குரல்கள் எதிர்பாராத அரைச்சுரங்களில் வழுக்கிச் செல்கின்றன. சாவைப் பற்றிய சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. உடனே மரியாவின் ஆவி நம் காதில் கேட்கத் தொடங்கிவிடுகிறது. ஆனால் மாட்ரிகல் கவிதையில் சாகாதவர் யார்? காதல் வேதனைக்கும் கலவியின் உச்சத்துக்கும் அக்காலக் கவிஞர்கள் பொதுவில் கையாண்ட சொல் அது. அரைச்சுரச் சோதனையும் ஜெசுவால்டோவின் கண்டுபிடிப்பல்ல. நிக்கோலா விச்சென்டினோ 1555இலேயே அதைப் பற்றி நூல் எழுதிவிட்டார். 1594இல் மறுமணத்துக்காக ஃபெராரா சென்ற ஜெசுவால்டோ, அங்கே லுட்சாஸ்கோ லுட்சாஸ்கியின் இசையைப் போற்றிக் கற்றார். கற்றதோடு நிற்காமல் வெகுதூரம் துணிந்து போனார். அந்த இசை எப்படி வந்தது என்று விளங்கிக்கொள்ள ஒரு பெண்ணின் பிணம் தேவையில்லை.

அதே ஃபெராரா அரண்மனையில் புகழ்பெற்ற பெண் பாடகர் குழு ஒன்று இருந்தது. அதில் பாடிய அன்னா குவாரினி, 1598இல் நடத்தைச் சந்தேகத்தால் கணவர் கையில் கொல்லப்பட்டார். அந்தக் கணவர் இசையமைப்பாளர் அல்லர். ஆகவே அவருடைய உள்ளக் கொந்தளிப்பைக் கலையாகக் கேட்க யாரும் கூடவில்லை. மனைவியைக் கொல்வது மேதையின் வினோதம் அல்ல, கணவன் என்ற அதிகாரத்தின் வழக்கம் என்பதை அன்னாவின் சாவு காட்டிவிடுகிறது.

கொலையை இசையின் ஊற்றாக்கும்போது மரியாவின் சாவு கலைக்குக் கொடுத்த விலையாகிவிடுகிறது. ஆறாம் தொகுதியின் அழகு உண்மையானது, அதைக் கேட்போம். கொலையைக் கொலை என்றே எழுதுவோம். ஒன்றுக்கு மற்றொன்றைச் சமாதானமாக வைக்க வேண்டாம்.