மீனும் கோளும்

விண்ணிற் காணும் பொருள்களைக் குறிக்கும் சொற்களுள் 'மீன்', 'கோள்' என்னும் இரண்டையும் இன்றைய விஞ்ஞானப் பாடநூல்கள் வரையறுத்து வழங்குகின்றன. தானே ஒளிவிடுவது விண்மீன். ஞாயிற்றைச் சுற்றிவருவது கோள். பாடநூலுக்கு இவ்வரையறை வேண்டற்பாலதே. ஆயின், அதனையே சங்கச் செய்யுள்மேல் ஏற்றி, கோள்களுக்குத் தன்னொளி இல்லையென்பதை அறிந்தமையாலேயே பண்டைத் தமிழர் நாள்மீன், கோள்மீன் எனப் பிரித்தனர் என்று மேடைகளிற் கூறுவார் உளர். மாணவரும் அதனை நம்பி விடைத்தாள்களில் எழுதுகின்றனர். இக்கூற்று ஆராயத்தக்கது.

இவ்வழக்கிற்குப் பட்டினப்பாலையே பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது. காவிரிப்பூம்பட்டினத்து மன்றத்தில் மாந்தர் பலர் குழுமிய காட்சிக்கு, நீலவானில் நாள்மீன்களோடு கோள்மீன்கள் கலந்து விளங்குதலை உருத்திரங்கண்ணனார் உவமையாக்கினார். இருவகையும் ஈண்டு மீன் என்றே நின்றமை நோக்குக. அப்பாட்டின் தொடக்கத்தில், திசைமாறித் தெற்கே செல்வதாகக் கூறப்படும் வெள்ளிக் கோளும் வெண்ணிற மீனாகவே சுட்டப்படுகின்றது. புறநானூற்றிலே கூடலூர் கிழார், சேரமன்னன் இறப்பதற்குமுன் வானினின்று வீழ்ந்த எரிபொருளையும் மீன் என்றார். மின்னுதலால் மீன் என்பர். அவ்வொளி தன்னதா, பிறிதொன்றனதா என்பது அச்சொல்லின் கவலையன்று. (கடல்மீனும் வான்மீனும் ஒரு சொல்லாதல் கொண்டு, சிந்துவெளி முத்திரைகளின் மீனுருவை உடுவெனப் படித்தார் ஹீராஸ் அடிகள், அஸ்கோ பார்ப்போலாவும் அவ்வழிச் சென்றார். அவ்வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.)

இனி, நாள் என்பது யாது? திங்கள் உடுக்களிடையே ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய 27⅓ நாள் செல்லும். அதன் வழியில் நாளுக்கொன்றாக வகுத்த 27 கூட்டங்களே நாள்மீன்கள். ஆகவே அச்சொல்லுக்கு வானத்து உடுக்கள் அனைத்தும் எனப் பொருளுரைத்தலும் மிகையாம். கோள் என்பது 'கொள்' என்னும் வினையடியாகப் பிறந்தது. திங்களைப் பாம்பு கொண்டது எனக் குறளும் கிரகணத்தைப் பேசும். வடமொழியிற் கிரகம் என்பதும் பற்றுதல் என்னும் பொருளதே. எது எதனைப் பின்பற்றியதென்பதை இவ்வொப்புமை ஒன்றுகொண்டு துணிதல் அரிது.

மேற்கூறியார் கொள்கைக்குப் பெருந்தடையாவது சம்பந்தரின் கோளறு பதிகம். அது ஞாயிறு, திங்கள், பாம்பிரண்டு உள்ளிட்ட ஒன்பதையும் ஒருசேர எண்ணுகின்றது. ஒளிக்கெல்லாம் முதலான ஞாயிறே கோளாயின், தன்னொளி இல்லாதது கோள் என்பது எங்ஙனம் பொருந்தும்? பழைய பாகுபாடு நிற்பது ஒளியிலன்று, செலவில். நாள்மீன்கள் தம்முள் இடம்மாறா. கோள்மீன்கள் அவற்றிடையே பெயர்ந்து செல்லும். பல இரவுகள் அயராது நோக்கினார்க்கன்றி இது புலப்படாது. பழந்தமிழர்க்குரிய உண்மையான புகழ் அந்நோக்கே. இல்லாத தொலைநோக்கியை அவர் கையிற் கொடுத்தல் வேண்டா.

சொல் தன் பொருளை மாற்றிக்கொள்ளுதல் குற்றமன்று. இன்றைய கோள், ஞாயிற்றையும் திங்களையும் விலக்கி நாம் வாழும் பூமியைச் சேர்த்துக்கொண்டது. 2006ஆம் ஆண்டு அனைத்துலக வானியல் ஒன்றியம் வகுத்த வரையறையாற் புளூட்டோவையும் இழந்தது. இத்துறையில் ஈழத்து வழக்குச் சிலவிடத்துத் தமிழக வழக்கினும் செம்மையுடையது. பூமியைச் சுற்றுமாறு ஏவிய பொருளை அவர் செயற்கைக்கோள் என்ப. நாம் செய்மதி என்கின்றோம். அது சுற்றுவது பூமியையாதலின், மதியோடு ஒப்பிடுதலே பொருத்தம்.

வால்வெள்ளி என்பதைப் பிழையெனக் கருதி வால்மீன் எனத் திருத்துவாரும் உளர். யாழ்ப்பாணத்துப் பேச்சில் வெள்ளி என்பது சுக்கிரனை மட்டுமன்றி, இரவில் ஒளிரும் உடுக்களையும் பொதுவாகக் குறிக்கும். புலவர் மீன் என்ற சொல்லை எத்துணை விரிவாக ஆண்டனரோ, அத்துணை விரிவே இதற்கும் உண்டு.