பொறையும் கொடையும்: இரட்சணிய யாத்திரிகத்தில் பகைவர்க்கு அருளல்

எச். ஏ. கிருட்டிணபிள்ளை (1827–1900) இயற்றிய இரட்சணிய யாத்திரிகம், ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட ஆங்கில உரைநடை நூலைத் தழுவி, 1894-இல் நூல்வடிவம் பெற்ற காப்பியமாகும். இயேசுவின் பாடுகளைப் பனியன் விரித்துரைத்திலர். கிருட்டிணபிள்ளையோ இரட்சணிய சரிதப் படலத்தில் அவற்றை விரிவாகப் பாடுகின்றார். பகைவரை வென்றோரைப் போற்றும் காப்பிய நடையில், பகைவர்க்காக மன்றாடும் ஒருவரை அவர் எங்ஙனம் பாடினார் என்பதே ஈண்டு நாம் ஆராயும் பொருள்.

பகைவரைப் பொறுத்தல் தமிழுக்குப் புதிதன்று. வள்ளுவர் பொறையுடைமைக்கும் இன்னாசெய்யாமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். தீங்கிழைத்தார் நாணுமாறு நன்மை செய்தலே அவரை ஒறுத்தல் என்பது அவர் கருத்து. மெய்ப்பொருள் நாயனார் தம்மைக் குத்திய முத்தநாதனை ஊறின்றிப் போக்கினார். அவன் பூண்ட அடியார் வேடமே அதற்குக் காரணம். கம்பரின் இராமன் படைக்கலம் இழந்து நின்ற இராவணனை அன்று போகவிட்டான். ஆயினும் போர் ஓய்ந்திலது. நாணுவித்தல், வேடத்தைப் போற்றல், போரறம் காத்தல் என மூன்றும் மூவகைப்பட்டன.

கிருட்டிணபிள்ளை காட்டும் அருள் இவற்றின் வேறானது. திருமேனி நைந்து துடிக்கும் அப்பொழுதே, இவர்கள் தாம் செய்வதை அறியார் எனத் தந்தையிடம் வேண்டுகின்றார் இயேசு. அறியாமை ஒரு காரணம் ஆகாதோ எனின், அக்காரணத்தைக் காட்டிக் கொலைஞர் மன்றாடிலர். கொலையுண்பவரே அவர்க்காகத் தேடிக் கொடுத்தார் என்க. அவ்விடத்துப் புலவர் ஆளும் பெயர் அருள்வள்ளல் என்பது. வள்ளலாவான் கேளாமலே கொடுப்பவன். நாவில்லா முல்லைக்குத் தேர் ஈந்த பாரியை நினைக. எனவே பகைபொறுத்தலைப் பொறையின் பாற்படுத்தாது கொடையின் பாற்படுத்தினார் புலவர். பொறுப்பவன் தன்னை அடக்குகின்றான்; கொடுப்பவன் பிறனை நோக்கிச் செல்கின்றான்.

இக்காட்சிக்கு முன்னர் வேறொரு குரலும் கேட்கின்றது. இறைமகனை இகழ்வார்மேல் வானம் இடிந்து விழாதது ஏன், நிலம் பிளவாதது ஏன் எனக் கண்டோர் புலம்புகின்றனர். இப்புலம்பலையே புலவரின் தீர்ப்பாகக் கொள்ளுதல் பிழை. சிலுவைக் கொலையின் பழியை யூதர் இனம் முழுவதன்மேலும் சுமத்தி, அவரைத் துன்புறுத்திய கொடுமை பல நூற்றாண்டுகள் நிகழ்ந்தது. அப்பழி எல்லா யூதர்க்கும் உரியதன்று என இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965-இல் அறிவித்தது. காப்பியத்தின் அமைப்பிலும் அதற்குச் சான்று உண்டு. கற்போர் நெஞ்சில் எழும் சினத்தைப் புலவர் கண்டோர் வாயில் வைத்தார்; பின்னர் அதனை வள்ளலின் வாய்மொழியால் மறுத்தார். புலம்பலோடு நூலை மூடிவைப்பவர் பாதியே கற்றவராவர்.

மன்னித்தல் தீமைக்கு உடன்படுதலாம் என்று சிலர் கூறுவர். அஃது ஈண்டுப் பொருந்தாது. செய்ததைப் பிழை என்று பெயரிட்ட பின்னரே அதனைப் பொறுக்குமாறு வேண்டப்படுகின்றது. பிழையே இல்லை எனின் மன்னிப்புக்கு இடமில்லை. தீமையைத் தீமை என்று கூறிக்கொண்டே, செய்தவனைக் கைவிடாதிருத்தல் அரிது. அவ்வரிய பண்பிற்கு வள்ளன்மை என்னும் பழந்தமிழ்ச் சொல்லே உரியது எனத் தேர்ந்தமையே இப்புலவரின் தனிச்சிறப்பு என்பது எமது துணிபு.