ஊதினால் அணையுமா மின்வில்?

சர்க்யூட் பிரேக்கரில் எழும் மின்வில்லை வாயு 'ஊதி அணைக்கிறது' என்று மாணவர்க்குச் சொல்வதுண்டு. காஞ்சி வரதர் கோயில் விளக்குக்கு அது பொருந்தும். காற்று சுடரைத் திரியிலிருந்து பிரித்துவிடும். மின்வில்லுக்குத் திரி ஏது? மின்னோட்டமே அதன் தீனி.

அதே மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூரில் உள்ளது போன்ற 400 கிலோவோல்ட் துணைமின் நிலையங்களில், 10,000 டிகிரியைத் தாண்டும் பிளாஸ்மாவின் மீது சல்ஃபர் ஹெக்சாஃபுளூரைடு வாயு சுழித்துப் பாயும். மின்னோட்டம் உச்சத்தில் இருக்கையில் எவ்வளவு வீசினாலும் வில் அணையாது. மாறுதிசை மின்னோட்டம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுகிறதே, அந்தக் கணந்தான் வாய்ப்பு! அப்போது சுழல்கள் குளிர்ந்த வாயுவை வில்லின் நடுவே கலக்கின்றன. எஞ்சிய எலெக்ட்ரான்களையும் வாயு கவர்ந்துகொள்கிறது. கலப்பு போதாவிடில் வில் மறுபடி மூளும்.

ஊதுவதே போதுமென்றால், உயர் அழுத்த நேர்திசை மின்னோட்டத்துக்கும் இக்கருவியே போதுமே! அங்கோ பூஜ்யத்தைச் செயற்கையாக உண்டாக்க வேண்டியிருக்கிறது.