திரையின் அகலமும் வாடிக்கையாளரின் சுமையும்: வணிகத் தளங்களில் தகவமை வடிவமைப்பு

வணிக நிறுவனத்தின் இணையதளம் எந்தக் கருவியில் திறக்கப்பட்டாலும் அதன் திரைக்கேற்பத் தன் அமைப்பைத் தானே மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது இன்று யாரும் மறுத்துப் பேசாத கருத்தாகிவிட்டது. தொழில்வழக்கில் ‘ரெஸ்பான்சிவ் டிசைன்’ என்றும் எழுத்துவழக்கில் தகவமை வடிவமைப்பு என்றும் சொல்லப்படும் இந்நடைமுறைக்கு உரு தந்தவர் அமெரிக்க வலை வடிவமைப்பாளர் ஈதன் மார்கோட். ‘எ லிஸ்ட் அபார்ட்’ இணைய இதழில் 2010 மே மாதம் வெளிவந்த அவரது கட்டுரை மூன்று கூறுகளை ஒன்றிணைத்தது. பத்திகளின் அகலத்தைப் பிக்சலில் நிறுத்தாமல் திரையின் விழுக்காடாகக் கொள்ளும் நெகிழ் கட்டம் ஒன்று. தன்னைத் தாங்கும் பெட்டியை மீறாமல் சுருங்கும் படம் மற்றொன்று. திரையின் அகலத்தை அறிந்து அதற்குரிய தோற்ற விதிகளை மட்டும் நடைமுறைப்படுத்தும் ‘மீடியா குவெரி’ மூன்றாவது. இவற்றுள் எதுவும் அவர் புதிதாகக் கண்டுபிடித்ததன்று. அச்சுத்தாளின் மாறா அளவை வலைப்பக்கத்தின்மேல் சுமத்துவது தவறு என்று ஜான் ஆல்சாப் அதே இதழில் 2000ஆம் ஆண்டிலேயே வாதிட்டிருந்தார். சிதறிக் கிடந்த உத்திகளை ஒரு முறையாகக் கோத்ததே மார்கோட்டின் பங்களிப்பு.

அதற்கு முந்தைய நிலையை நினைவில் கொண்டால்தான் இம்முறையின் வலிமை விளங்கும். 2007இல் வந்த ஐபோனின் உலாவி, தன் திரை 980 பிக்சல் அகலமுள்ளது என்று பாவித்துக்கொண்டு பக்கத்தை வரைந்து, பின்னர் அதை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கிக் காட்டியது. படிக்க விரும்புபவர் விரலால் பெரிதாக்கி இடவலமாக இழுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. நிறுவனங்கள் இதற்குக் கண்ட தீர்வு, செல்பேசிக்கென்று வேறு முகவரியில் வேறொரு தளம். அதில் பொருள்பட்டியல் பாதியாக இருக்கும்; முதன்மைத் தளத்தில் மாற்றிய விலை இங்கே மாறாமல் நிற்கும்; செல்பேசியிலிருந்து பகிரப்பட்ட இணைப்பை மேசைக்கணினியில் திறந்தால் அகன்ற திரையின் நடுவே ஒடுங்கிய பக்கம் தோன்றும். தகவமை வடிவமைப்பு இக்குழப்பத்தை ஒரே முகவரி, ஒரே உள்ளடக்கம், பல தோற்றங்கள் என்ற ஏற்பாட்டால் நீக்கியது. 2011 செப்டம்பரில் அமெரிக்க நாளிதழான ‘பாஸ்டன் குளோப்’ தன் முழுத் தளத்தையும் இம்முறையில் வெளியிட்டபோது, பெரிய நிறுவனங்களுக்கும் இது ஒத்துவரும் என்பது மெய்ப்பட்டது.

எனினும் வணிக உலகத்தை அசைத்தது வடிவமைப்பாளர்களின் வாதமன்று, தேடுபொறியின் அழுத்தம். கூகுள் 2012இல் இம்முறையைப் பரிந்துரைத்தது. 2015 ஏப்ரலில், செல்பேசிக்கு ஏற்ற பக்கங்களைச் செல்பேசித் தேடலில் முன்னே வைக்கத் தொடங்கியது. 2018 முதல், ஒரு தளத்தின் செல்பேசி வடிவத்தையே படித்து அட்டவணைப்படுத்தும் முறைக்குப் படிப்படியாக மாறியது. இந்தக் கடைசி மாற்றத்தின் பொருளைப் பல நிறுவனங்கள் இன்னும் முழுதாக உணரவில்லை. செல்பேசிப் பக்கத்தில் இடமில்லை என்று ஒரு தகவலை அடியோடு நீக்கிவிட்டால், அது தேடுபொறியின் கணக்கில் இல்லாத தகவலே.

தகவமை வடிவமைப்பின் இன்னொரு நன்மை அதை வகுத்தவர்களின் முதல் நோக்கத்தில் இருந்ததாகத் தெரியவில்லை. பார்வைக் குறைபாடு உள்ளவர் 1280 பிக்சல் அகலத் திரையில் பக்கத்தை நான்கு மடங்கு பெரிதாக்கினால், உலாவியைப் பொறுத்தவரை அத்திரையின் அகலம் 320 பிக்சல் ஆகிவிடுகிறது. செல்பேசிக்கென எழுதப்பட்ட ஒற்றைப்பத்தி அமைப்பு மேசைக்கணினியிலேயே உயிர்பெற்று, பக்கவாட்டில் நகர்த்தும் தொல்லையின்றிப் படிக்க வழிசெய்கிறது. 2018இல் வெளியான வலை அணுகல்தன்மை வழிகாட்டுதலின் 2.1 பதிப்பு இந்த 320 பிக்சலையே அளவுகோலாகக் கொண்டது. அதே காலத்தில் எத்தனையோ வணிகத் தளங்கள், தம் அமைப்பு குலைந்துவிடக் கூடாது என்பதற்காகச் செல்பேசியில் விரலால் பெரிதாக்குவதையே தடைசெய்து வைத்திருந்தன. வாடிக்கையாளரின் கண்ணைவிட வடிவமைப்பாளரின் பெருமிதம் முக்கியமாகிப்போனதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

தளமே வேண்டாம், செயலி போதும் என்ற மாற்று வழியும் இந்தியாவில் பெரிய அளவில் சோதித்துப் பார்க்கப்பட்டது. ஆடை விற்பனை நிறுவனமான மிந்திரா 2015 மே மாதம் தன் இணையதளத்தை மூடிவிட்டுச் செயலி வழியாக மட்டுமே விற்கத் தொடங்கியது. 2016 ஜூனில் மேசைக்கணினித் தளத்தை மீண்டும் திறந்தது. அதன் தாய் நிறுவனமான ஃபிளிப்கார்ட்டும் தன் செல்பேசித் தளத்தைக் கைவிட்டுச் செயலிக்கு ஆட்களைத் திருப்பியிருந்தது. ஆனால் 2015 நவம்பரிலேயே ‘ஃபிளிப்கார்ட் லைட்’ என்ற பெயரில் தளத்துக்குத் திரும்பியது. உலாவிக்குள்ளேயே இயங்கினாலும், முகப்புத் திரையில் படவுருவாக அமர்ந்துகொள்வது, இணைப்பு துண்டிக்கப்பட்டாலும் ஏற்கெனவே சேமித்த பகுதிகளைக் காட்டுவது போன்ற செயலியின் குணங்களைக் கொண்ட இவ்வகைத் தளங்கள் முற்போக்கு வலைச் செயலிகள் எனப்படுகின்றன. படவுரு வழியாக வந்தவர்களிடம் வாங்கும் விகிதம் 70 விழுக்காடு கூடுதலாக இருந்தது என்று கூகுள் வெளியிட்ட ஆய்வுக்குறிப்பு தெரிவிக்கிறது. இந்த எண்ணைச் சற்று ஐயத்தோடுதான் பார்க்க வேண்டும், ஏனெனில் ஒரு கடையின் படவுருவை முகப்புத் திரையில் வைத்துக்கொள்பவர் ஏற்கெனவே அக்கடையில் வாங்கும் எண்ணமுடையவராகவே இருப்பார். ஆயினும் கடையைத் திறந்து பார்க்குமுன் செயலியைப் பதிவிறக்கு என்று நிபந்தனை விதிப்பது இழப்பையே தரும் என்பதை இரு நிறுவனங்களின் பின்வாங்கலும் காட்டியது.

இவ்வளவு வலிமையுள்ள தகவமை வடிவமைப்பின் குறை, அது தீர்க்க வந்த சிக்கலின் எல்லைக்குள்ளேயே இருக்கிறது. மீடியா குவெரி வழக்கமாகக் கேட்பது அகலத்தை மட்டுமே. கருவியின் நுண்செயலி எவ்வளவு வேகமானது, இணைப்பு எவ்வளவு உறுதியானது, தரவுக்கு வாடிக்கையாளர் என்ன விலை தருகிறார் என்பவை அதன் கேள்விகளில் இல்லை. 360 பிக்சல் அகலமும் மும்மடங்கு அடர்த்தியும் கொண்ட செல்பேசித் திரைக்கு 1080 பிக்சல் அகலப் படம் போதும். மேசைக்கணினிக்கென ஏற்றப்பட்ட 2400 பிக்சல் படத்தையே அதற்கும் அனுப்பினால், தேவையானதைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு புள்ளிகள் பயணம் செய்கின்றன. அப்படம் திரையில் அழகாகச் சுருங்கிப் பொருந்துவதால் இந்த வீண்செலவு கண்ணுக்குத் தெரிவதில்லை. படத்தைத் தோற்ற விதியால் மறைத்துவிட்டாலும் உலாவி பெரும்பாலும் அதைப் பதிவிறக்கியே தீரும். திரைக்கேற்ற படத்தை உலாவியே தேர்ந்துகொள்ளும் வசதி 2014 முதல் கிடைத்தும், உள்ளடக்கத்தை ஏற்றுபவர் ஒருவர், நிரல் எழுதுபவர் வேறொருவர் என்றிருக்கும் நிறுவனங்களில் அது யாருடைய பொறுப்பும் ஆகாமல் நின்றுவிடுகிறது.

படத்தைவிடக் கடினமான சுமை ஜாவாஸ்கிரிப்ட் நிரல். படம் வந்து சேர்ந்தால் வேலை ஏறக்குறைய முடிந்தது. நிரலோ வந்தபின் பிரித்துப் படிக்கப்பட்டு இயக்கப்பட வேண்டும், அந்த உழைப்பு முழுவதும் வாடிக்கையாளரின் கைக்கருவியின்மேல் விழுகிறது. விளம்பரக் கண்காணிப்பு, அரட்டைப் பெட்டி, வருகைக் கணக்கு, தள்ளுபடி அறிவிப்பு என்று ஒவ்வொரு துறையும் தனக்கென ஒரு நிரல்துண்டைச் சேர்க்க, விலை மலிந்த செல்பேசியில் ‘வாங்கு’ பொத்தானைத் தொட்டபின் நீண்ட அமைதி நிலவுகிறது. தளத்தை ஒப்புக்கொள்ளும் கூட்டத்தில் இந்த அமைதி யாருக்கும் கேட்பதில்லை, ஏனெனில் அங்கே தளம் அலுவலக வைஃபையில், புத்தம்புதிய கருவியில், அல்லது இன்னும் எளிதாக, மடிக்கணினி உலாவியின் சாளரத்தைக் குறுக்கி விரித்துக் காட்டப்படுகிறது.

குறுகிய திரை நிறுவனத்திடம் உண்மையில் கேட்பது, எது முதன்மையானது என்ற கேள்வியை. செல்பேசியை முதலில் கருதி வடிவமைக்க வேண்டும் என்று 2009 முதல் வலியுறுத்திவந்த லூக் ரோப்லெவ்ஸ்கியின் வாதமும் இதுவே: இடம் சுருங்கும்போது தேவையற்றது தானே விலக நேரும். நடைமுறையில் நிகழ்ந்தது வேறு. முகப்புப் பக்கத்தில் தமக்கும் ஓர் இடம் வேண்டும் என்று போட்டியிடும் துறைகளுக்கிடையே முடிவெடுக்க எவரும் விரும்பாததால், மேசைக்கணினியில் நான்கு பத்திகளாக நின்றவை செல்பேசியில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டன; அடுக்கவும் இடமில்லாதவை மூன்று கோடுகளாலான ‘ஹாம்பர்கர்’ குறிக்குள் போய் ஒளிந்தன. நார்ம் காக்ஸ் 1981இல் ஜெராக்ஸ் ஸ்டார் கணினிக்கென வரைந்த அக்குறி, செல்பேசிக் காலத்தில் வடிவமைப்பாளர்களின் பரண் ஆகிவிட்டது: எறிய மனமில்லாததும் எடுக்கத் தேவைப்படாததும் அங்கே போகும். மறைக்கப்பட்ட மெனுவைப் பயனர்கள் குறைவாகவே திறக்கிறார்கள் என்பதை நீல்சன் நார்மன் குழுமம் 2016இல் வெளியிட்ட ஆய்வு காட்டிய பிறகும் இப்பழக்கம் தளரவில்லை. 2011இல் டுவிட்டர் நிறுவனத்திலிருந்து வெளியான பூட்ஸ்டிராப் போன்ற ஆயத்த நிரல்தொகுப்புகள் இதற்குத் துணைபுரிந்தன. சிறு நிறுவனங்களுக்கு மலிவான தளம் கிடைத்ததும், மருத்துவமனையும் மணல் விற்பவரும் ஒரே முகத்தோடு இணையத்தில் நின்றதும் அவற்றின் விளைவே.

அண்மைக்காலப் போக்குகளுள் உறுதியாக வரவேற்கத்தக்கது ‘கன்டெய்னர் குவெரி’. பழைய முறையில் ஒரு பொருளட்டை முழுத்திரையின் அகலத்தைத்தான் அறியும். தான் அகன்ற பகுதியில் இருக்கிறதா, பக்கப்பட்டையில் ஒடுங்கிக் கிடக்கிறதா என்பதை அறியாது. தன்னைத் தாங்கும் பெட்டியின் அகலத்தைக் கேட்டறிந்து அவ்வட்டையே தன்னை மாற்றிக்கொள்ளும் இவ்வசதி, 2023 பிப்ரவரிக்குள் முதன்மை உலாவிகள் அனைத்திலும் கிடைத்துவிட்டது. எழுத்தின் அளவைப் படிப்படியாகத் தாவவிடாமல் கீழ்வரம்புக்கும் மேல்வரம்புக்கும் இடையே திரையோடு சேர்த்து வளரச்செய்யும் முறையும் பரவிவருகிறது. ஆனால் எழுத்தளவைத் திரையகலத்தோடு மட்டுமே பிணைத்துவிட்டால், பயனர் பக்கத்தைப் பெரிதாக்கினாலும் எழுத்து பெரிதாகாது என்பதைப் புதுமை விரும்பிகள் பலர் கவனிப்பதில்லை.

வங்கி, காப்பீடு, மளிகை விற்பனைத் தளங்கள் தமிழில் வரத்தொடங்கியபின் இன்னொரு குறை வெளிப்பட்டது. நெகிழ் கட்டம் நெகிழ்வது ஆங்கிலச் சொல்லின் நீளத்தை மனத்தில் கொண்டே. வேற்றுமை உருபும் இடைச்சொல்லும் ஒட்டி நீளும் ‘வாடிக்கையாளர்களுக்கான’ என்ற ஒற்றைச் சொல்லை 320 பிக்சல் திரையின் பாதியகலப் பொத்தானுக்குள் வைத்தால், எங்கே முறிக்கலாம் என்ற விதி எழுதப்படாதவரை அது பெட்டியை மீறி நீளும். ஆங்கில எழுத்துக்கென இறுக்கப்பட்ட வரியிடைவெளியில் மேலேயுள்ள புள்ளியும் கீழே வளையும் உகரக் குறியும் அடுத்த வரியோடு உரசும். இவற்றுக்குத் தீர்வு எளிது, சில வரி விதிகளே போதும்; தமிழ்ப் பக்கம் இறுதி வாரத்தில் மொழிபெயர்த்து ஒட்டப்படும் இணைப்பாகவே கருதப்படுவதால் அவ்விதிகளை எழுத எவருக்கும் நேரம் ஒதுக்கப்படுவதில்லை.

எல்லா வணிகத்துக்கும் இத்தகைய தளம் தேவையா என்பதும் கேட்கப்பட வேண்டும். வாட்ஸ்அப் பிசினஸில் பொருள்பட்டியலும், கூகுள் வரைபடத்தில் முகவரியும் வைத்திருக்கும் தெருக்கடைக்கு, பராமரிக்க ஆளில்லாத இணையதளம் பழைய விலையைக் காட்டிச் சண்டையை வளர்ப்பதற்கே பயன்படும். ஆயிரக்கணக்கான பொருள்களை விற்கும் பெருநிறுவனத்துக்கோ, கருவியின் வகையைப் பார்த்து வழங்கிக் கணினியே வேறு பக்கத்தை அனுப்பும் முறை கூடுதல் செலவானாலும் இலகுவான பக்கத்தைத் தரவல்லது. இரண்டுக்கும் இடைப்பட்ட நிறுவனங்களுக்கே தகவமை வடிவமைப்பு மிகவும் பொருந்துகிறது.

சுமையை அளக்கும் கருவிகள் வந்துவிட்டன என்பது உண்மை. கூகுள் 2020இல் அறிவித்த ‘கோர் வெப் வைட்டல்ஸ்’ அளவைகள், பக்கத்தின் மிகப்பெரிய உள்ளடக்கம் 2.5 நொடிக்குள் தோன்ற வேண்டும் என்றும், தொடுதலுக்கான மறுவினை 200 மில்லிநொடிக்குள் வர வேண்டும் என்றும் (இந்த இரண்டாவது அளவை 2024 மார்ச்சில் பழையதொன்றின் இடத்தைப் பிடித்தது) வரம்பு வகுக்கின்றன. ஆனால் வருகைகளில் 75 விழுக்காடு அவ்வரம்புக்குள் அமைந்தால் தளம் தேர்ச்சி பெற்றுவிடுகிறது. மீதமுள்ள கால்பங்கில், பழைய செல்பேசியும் தளர்ந்த இணைப்பும் உள்ளவர்களே மிகுதி. நிறுவனத்தின் வருகைக் கணக்கு நிரலோ பல தளங்களில் கடைசியாகவே வந்து சேர்வதால், அதற்குமுன் பொறுமையிழந்து வெளியேறியவர் அக்கணக்கில் பதிவாவதே இல்லை. அடுத்த ஆண்டின் மறுவடிவமைப்புக் கூட்டத்தில், மலிவான கருவிகளிலிருந்து வரும் வாடிக்கையாளர் மிகக் குறைவு என்ற அறிக்கை முன்வைக்கப்பட்டு, அதை நம்பி முகப்புப் பக்கத்தில் ஒரு காணொளி சேர்க்கப்படுகிறது.