சதர்ன் அவென்யூவில் 17 ஓவியர்கள்

போர் நடக்கும் நாட்டுக் கலைஞர்களோடு எப்படிச் சேர்ந்து வேலை செய்வது என்று கேட்டால் இப்போதெல்லாம் இரண்டே பதில்கள்தான் புழக்கத்தில் இருக்கின்றன. கலை போருக்கு அப்பாற்பட்டது, இரு தரப்பையும் ஒரே மேடையில் உட்கார வைத்தால் போதும் என்பது ஒன்று. தாக்குகிற நாட்டின் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் யாராயிருந்தாலும் வாசலோடு அனுப்பு என்பது மற்றது. விழா நடத்துகிறவர்களுக்கு முதல் பதில் மிகவும் பிடிக்கும். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், ஸ்பான்சரும் கிடைப்பார். இரண்டாவது பதிலுக்கு வேலையே இல்லை, கோபம் மட்டும் இருந்தால் போதும். 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதிலிருந்து இந்த விவாதமே ஐரோப்பாவில் பிறந்தது போல நம் பத்திரிகைகளும் எழுதத் தொடங்கிவிட்டன.

கல்கத்தாவின் லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் மல்லிகையும் காப்பிப்பொடியும் வாங்கிப் பழகிய தமிழருக்கு இதைக் கேட்டால் எரிச்சல் வரத்தான் செய்யும். சந்தையிலிருந்து தெற்கே ஏரிப்பக்கம் நடந்தால் கால் மணி நேரத்தில் சதர்ன் அவென்யூவில் பிர்லா அகாடமி கட்டடம் வந்துவிடும். 1971 செப்டம்பரில் அங்கே வங்கதேச ஓவியர்கள் 17 பேரின் கண்காட்சி நடந்தது. அறுபதுக்கு மேற்பட்ட படங்கள். அப்போது வங்கதேசம் என்ற நாட்டை இந்தியா அங்கீகரிக்கவே இல்லை. அங்கீகாரம் வந்தது டிசம்பர் 6 அன்று. சட்டப்படி இல்லாத ஒரு நாட்டின் பெயரில் அதன் ஓவியர்களுக்குச் சுவர் கொடுத்த ஊர் இது. போர்க்காலக் கலை ஒத்துழைப்பின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வெனிஸ் கலைக் கண்காட்சியிலிருந்தே தொடங்க வேண்டும் என்று யார் சொன்னது?

தொடக்க காலத்தை வேகமாகவே கடந்துவிடலாம். 1938இல் ஜப்பானியக் கவிஞர் யோனே நொகுச்சி, சீனாமீது தன் நாடு நடத்தும் போர் ஆசியாவின் விடுதலைக்கானது என்று தாகூருக்குக் கடிதம் எழுதினார். தாகூர் ஜப்பானை நேசித்தவர், நொகுச்சி அவருக்குப் பழைய நண்பர். இருந்தும், ஜப்பானியருக்கு நான் வெற்றியை வேண்டவில்லை, மனம் வருந்துவதையே வேண்டுகிறேன் என்ற பொருளில் பதில் எழுதினார். அடுத்த ஆண்டு இறுதியில் சீன ஓவியர் சூ பெய்ஹோங் அவருடைய அழைப்பில் சாந்திநிகேதன் வந்தார். அங்கும் கல்கத்தாவிலும் கண்காட்சி வைத்தார். படங்கள் விற்ற பணம் சீனப் போர் நிவாரணத்துக்குப் போனது. மலையைத் தோண்டி அகற்றப் புறப்படும் கிழவனைப் பற்றிய சீனப் பழங்கதையை அவர் மாபெரும் ஓவியமாக்கியது இங்கே இருந்தபோதுதான். அதில் மண்வெட்டி ஓங்கும் உடற்கட்டான ஆண்கள் சிலரின் உடலும் முகமும் வங்காளத்து மாடல்களுடையவை. விருந்தாளி நம்மிடம் பார்வையாளரை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை, உடம்பையும் வாங்கிக்கொண்டார். தாகூர் இரு நாட்டாரையும் ஒரு மேடையில் அமர்த்திச் சமரசக் கூட்டம் போட்டிருந்தால் இப்படி ஒரு ஓவியம் கிடைத்திருக்குமா என்பது என் சந்தேகம்.

1943இன் வங்காளப் பஞ்சம், ஓவியர்களின் கல்கத்தா குழு, மக்கள் நாடக மன்றம், ஜைனுல் ஆபிதீனின் பஞ்சக் கோட்டோவியங்கள் எல்லாம் வாசகர் அறிந்தவை. பிறகு வியட்நாம். உன் பெயர் என் பெயர் வியட்நாம் என்று நகரமே முழங்கியது; அமெரிக்கத் துணைத் தூதரகம் நிற்கும் ஹாரிங்டன் தெருவுக்கு ஹோ சி மின் பெயரை வைத்துக் குறும்பு செய்தது. உத்பல் தத் 1966இல் ‘அஜேய வியட்நாம்’ நாடகத்தை மேடையேற்றினார். ஆவேசத்தில் குறையில்லை. ஆனால் அந்த மேடையில் வியட்நாமியக் கலைஞர் ஒருவரும் இல்லை. நாம் அவர்களுக்காக அழுதோம், அவர்களாக நடித்தோம், கைதட்டலையும் நாமே வாங்கிக்கொண்டோம். போராடும் மக்களுக்கு ஆதரவு என்று நாம் பழகிக்கொண்ட பாணி இதுதான். இதே பாணியைப் பிற்பாடு தமிழ்நாட்டிலும் பார்க்கப் போகிறோம்.

1971 வேறு வகை. மார்ச் 25 இரவில் டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் படுகொலையைத் தொடங்கியதும் எல்லை தாண்டி வந்த லட்சக்கணக்கானோரில் பாடகர், நடிகர், ஓவியர், திரைப்படக்காரர் எல்லாரும் இருந்தார்கள். தாராசங்கர் பந்தோபாத்யாய் தலைமையில் கல்கத்தா எழுத்தாளர்களும் கலைஞர்களும் ஓர் உதவிக் குழு அமைத்தார்கள். ‘பரிசய்’ ஆசிரியர் தீபேந்திரநாத் பந்தோபாத்யாய் ஓடியாடி வேலை பார்த்தார். தர்மதலாவில் 144 லெனின் சரணி அதன் முகவரி. டாக்காவில் சாயாநட்டை உருவாக்கியவர்களான வஹிதுல் ஹக்கும் சன்ஜீதா காதூனும் அங்கே அகதிப் பாடகர்களைத் திரட்டி ஒரு கலைக்குழுவாக்கினார்கள். அந்தக் குழு அகதி முகாம்களுக்கும் விடுதலைப் போராளிகளின் பாசறைகளுக்கும் லாரியில் போய்ப் பாடியது. அமெரிக்கரான லியர் லெவின் அவர்களோடு பயணம் செய்து படமெடுத்தார். அந்தப் படச்சுருள்கள் நியூயார்க்கில் அவர் வீட்டு நிலவறையில் இருபது ஆண்டு தூங்கின. தாரிக் மசூதும் காதரின் மசூதும் அவற்றைக் கண்டெடுத்து 1995இல் ‘முக்திர் கான்’ என்ற படமாக்கினார்கள். எந்தப் பாடலைப் பாடுவது, எங்கே பாடுவது என்பதையெல்லாம் முடிவு செய்தவர்கள் அந்த அகதிகள்தான். கல்கத்தாக்காரர்கள் கொடுத்தது கூரையும் பார்வையாளரும். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், இன்றைய கலைத் தங்கல் திட்டங்களில் இந்தப் பங்கீடு அப்படியே தலைகீழாகிவிட்டதுதான்.

பாலிகஞ்ச் சர்க்குலர் ரோட்டில் 57/8 எண் வீட்டில் மே 25 முதல் சுதந்திர வங்க வானொலி இயங்கியது. இந்தியா கொடுத்த 50 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர், மற்றதெல்லாம் அவர்களுடையது. எம். ஆர். அக்தர் முகுல் டாக்கா பேச்சுவழக்கில் ராணுவத்தைக் கிண்டலடித்து வாசித்த ‘சரம்பத்ர’வைக் கேட்க எல்லைக்கு அந்தப்பக்கம் கதவைச் சாத்திக்கொண்டு ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நகரத்தின் நாசூக்கான வங்காளியில் எழுதித் தரச் சொல்லி யாராவது திருத்தியிருந்தால் அந்த நிகழ்ச்சி முதல் வாரத்திலேயே செத்திருக்கும்.

ஓவியர்களுக்கு வருகிறேன். வங்கதேசத்தின் நாடுகடந்த அரசின் தகவல் துறையில் ஓவியப் பிரிவுக்குத் தலைவர் கம்ருல் ஹசன். கல்கத்தாவில் பிறந்து, இங்குள்ள அரசு ஓவியப் பள்ளியில் படித்தவர். பிரிவினைக்குப் பிறகு டாக்கா போனவர். அகதியாகத் தன் பிறந்த ஊருக்கே திரும்பியிருந்தார். பாகிஸ்தான் அதிபர் யாஹ்யா கானை அவர் வரைந்த சுவரொட்டி எல்லாரும் பார்த்தது: முகமே காகிதம் முழுக்க, சிவந்த விழிகள், கடைவாயில் கோரைப்பல், கீழே இந்த மிருகங்களைக் கொல்ல வேண்டும் என்ற வாசகம். இதில் சமாதானத்துக்கு எள்ளளவும் இடமில்லை. அதே அறையிலிருந்துதான் தேப்தாஸ் சக்கரவர்த்தியின் சுவரொட்டியும் வந்தது: வங்கத்து இந்து, கிறிஸ்தவர், பௌத்தர், முஸ்லிம் எல்லாரும் வங்காளிகளே என்பது அதன் செய்தி. ஒன்று கொலைவெறி, மற்றது ஒற்றுமை. இரண்டையும் ஒரே மேசையில் வைத்து வரைந்த மனிதர்களை எந்தச் சமரச விழாவின் அழைப்பிதழிலும் அடக்க முடியாது. (அவர்களில் ஒருவரான நிதுன் குண்டு பிற்காலத்தில் ‘ஒடோபி’ என்ற பெரிய நாற்காலி மேசைக் கம்பெனியின் முதலாளியானார். போராட்டக் கலைஞர் வாழ்நாள் முழுக்கப் போராட்டக் கலைஞராகவே இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.)

பிர்லா அகாடமியின் சுவர்களில் இவர்களும் முஸ்தஃபா மன்வார் முதலானவர்களும் மாட்டியவை ஓவியங்களும் கோட்டோவியங்களும். பிஜன் சவுத்ரி போன்ற கல்கத்தா ஓவியர்கள் துணை நின்றார்கள். துணை நின்றவர்கள் தங்கள் படங்களை நடுவே சொருகவில்லை என்பதுதான் எனக்கு இதில் பிடித்த விஷயம். ஒரு மார்வாடித் தொழிற்குடும்பத்தின் கட்டடம், இடதுசாரி ஓவியர்களின் உழைப்பு, அகதிகளின் படங்கள். வேறு எந்தச் சமயத்தில் இவர்கள் ஒன்று சேர்ந்திருப்பார்கள்?

திரைப்பட இயக்குநர் ஜஹீர் ரைஹான் தனியாகச் சொல்லப்பட வேண்டியவர். அவருடைய ‘ஜீபோன் தேகே நேயா’ கல்கத்தாவில் திரையிடப்பட்டபோது, கையில் காசில்லாமல் இருந்தும், வசூலைப் போராட்ட நிதிக்கே கொடுத்துவிட்டார். இருபது நிமிட ‘ஸ்டாப் ஜெனோசைட்’ படத்தை லெனின் மேற்கோளோடு தொடங்கினார், விடுதலைப் போராட்டத் தலைவர் முஜிபைக் காட்டவில்லை. முஜிபின் அவாமி லீக்கில் சிலருக்கு ஆத்திரம். படம் அப்படியே நின்றது. அடைக்கலம் கொடுத்த அரசுக்கும் தலைமை தாங்கிய கட்சிக்கும் பிடிக்காத இடத்திலும் கலைஞர் தன் படத்தைத் தான் நினைத்தபடி எடுக்க முடிந்ததா என்பதுதான் ஒத்துழைப்புக்கு என் உரைகல். 1972 சனவரி 30 அன்று, காணாமல்போன தன் அண்ணனைத் தேடிப் போனவர் திரும்பவில்லை.

1971ஐப் புகழ்கிற பலர் மறைக்கிற பக்கமும் உண்டு. டிரான்ஸ்மிட்டர் கொடுத்த டெல்லிக்குத் தன் கணக்கு இருந்தது. உருது பேசிய ஏழைகளுக்கு இந்தப் பாடல்களில் இடமில்லை. கல்கத்தா அடுத்த நாட்டுக் கலைஞர்களைக் கொண்டாடிய அதே ஆண்டின் ஆகஸ்டில், தன் சொந்தக் கவிஞரான சரோஜ் தத்தை இழந்தது. நக்சலைட் தலைவரான அவரை லேக் மார்க்கெட்டுக்கு அருகே ராஜா வசந்த ராய் ரோட்டு வீடு ஒன்றிலிருந்து போலீஸ் இரவில் அழைத்துப் போனது, விடியுமுன் மைதானில் சுட்டுக் கொன்றது என்பது பரவலான நம்பிக்கை. அரசுப் பதிவில் அவர் காணாமல் போனவர். தொலைவிலுள்ள போர் நம் மனசாட்சிக்கு எப்போதும் வசதியானது.

அதே ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கில் நடந்த வங்கதேசக் கச்சேரியைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. ரவிசங்கர், அலி அக்பர் கான், அல்லா ரக்கா. பின்னால் தம்பூரா மீட்டியவர் பாடகி லட்சுமி சங்கரின் தங்கை கமலா சக்கரவர்த்தி என்பது தமிழருக்கு ஒரு சின்ன சந்தோஷம். இரண்டு காட்சிகளில் வசூல் 2,43,418 டாலர். இசைத்தட்டிலும் படத்திலும் வந்த பெரும்பணம் வரித் தகராறில் ஆண்டுக்கணக்காக முடங்கியது. அந்தக் கச்சேரியைக் குறை சொல்ல மனம் வராது. ஆனால் மேடையில் அகதி ஒருவர்கூட இல்லை. லெனின் சரணிக் குழு லாரியில் பாடியதை உலகம் கேட்க இருபத்து நான்கு ஆண்டுகள் ஆயின.

இனி நம் சங்கதி. ஈழப்போர் நடந்த இருபத்தாறு ஆண்டுகளில் தமிழ்நாடு செய்தது பெரும்பாலும் உத்பல் தத் பாணி: கவிதை, பொதுக்கூட்டம், பதாகை. விதிவிலக்குகள் பதிப்பில்தான் உண்டு. இ. பத்மநாப ஐயர் ஈழத்துப் புத்தகங்களைத் தமிழ்நாட்டு எழுத்தாளர்களிடமும் பதிப்பாளர்களிடமும் கொண்டு சேர்த்தபடியே இருந்தார். 1985இல் வந்த ‘மரணத்துள் வாழ்வோம்’ தொகுப்பு இங்கே இரண்டு தலைமுறையின் வாசிப்பை மாற்றியது. அவரைப் பற்றி நாம் பேசுவது போதாது. ஓவியத்துக்கும் நாடகத்துக்கும் சினிமாவுக்கும் அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. போர் நிறுத்தக் காலத்தில், 2004இல், எரிக்கப்பட்டு மீண்டெழுந்த யாழ்ப்பாண நூலகத்தில் ‘அகம் புறம்’ கண்காட்சியை நடத்தியது கொழும்பின் ‘தீர்த்த’ கலைஞர் அமைப்பு. கொழும்பு செய்தது, சென்னை செய்யவில்லை.

கோபத்தால் நாம் செய்ததையும் பார்ப்போம். 2011 சனவரியில் கொழும்பில் தமிழ் எழுத்தாளர் மாநாடு நடந்தபோது இங்கே எழுந்த கூச்சல் நினைவிருக்கும். அந்த மாநாட்டின் காலப் பொருத்தம் பற்றி எனக்கும் சந்தேகம் உண்டு. ஆனால் அங்கே வாழ்கிற எழுத்தாளர்களை ஒருவரும் கேட்கவில்லை. 2014 சூனில் பிரசன்ன விதானகேயின் ‘பிறகு’ படம் மிரட்டல்களால் சென்னைத் திரையரங்கிலிருந்து எடுக்கப்பட்டது. தஸ்தயேவ்ஸ்கி கதையை எடுத்துக்கொண்டு, முன்னாள் சிங்கள ராணுவத்தான் ஒருவன் தான் மணந்த தமிழ்ப் பெண்ணின் முன் குற்றவாளியாக நிற்பதைச் சொல்லும் படம் அது. இலங்கை அரசின் தடைக்கே ஆளான ஓர் இயக்குநரை இங்கே இனம் பார்த்துத் தடுத்தோம். மாறாக, 2022இல் வெனிஸில் ரஷ்ய அரங்கின் கலைஞர்கள் தாமாகவே விலகினார்கள். அது அவர்களுடைய தீர்மானம், அதனால்தான் அதற்கு மதிப்பு. உக்ரைன் அரங்கின் பொறுப்பாளர்களில் ஒருவரான மரியா லான்கோ, ஓவியர் பாவ்லோ மாகோவின் வெண்கலப் புனல்கள் 78ஐக் காரில் போட்டுக்கொண்டு கீவை விட்டுக் கிளம்பினார். வெனிஸ் அவற்றை நிறுத்தி வைக்க இடம் கொடுத்தது. அவ்வளவு போதும்.

ஈழத்துக்குத் திரும்புகிறேன். ஓவியர் தா. சனாதனனின் ‘முற்றுப்பெறாத தோம்பு’ நூல் 2011இல் வெளிவந்தது. இடம்பெயர்ந்த 80 பேர் தாங்கள் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து கொடுத்தார்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு கட்டடக் கலைஞரின் அளவுப்படமும் பிறகு சனாதனனின் ஓவியமும் அடுக்கப்பட்டன. கிணறு எங்கே, முருங்கை எங்கே என்று வரைந்தவர்கள் தமிழ் பேசுகிறவர்கள். வரைபடங்களில் எழுதியிருப்பதும் தமிழ். அந்த ஓவியர் படித்தது டெல்லியில். நூலைக் கொண்டுவந்தது ஷர்மினி பெரேராவின் ‘ரேக்கிங் லீவ்ஸ்’. இத்தனை பேர் சேர்ந்த வேலையில் தமிழ்நாட்டு நிறுவனம் ஒன்றின் பெயரைத் தேடிப் பாருங்கள்.

2025 சனவரியில் கல்கத்தா புத்தகக் கண்காட்சியில் வங்கதேச அரங்கம் இல்லை. 1996க்குப் பிறகு முதல் முறை. இரு அரசுகளுக்கும் உறவு சரியில்லை என்றார்கள். 1971இல் அங்கீகாரத்துக்காகக் காத்திருந்திருந்தால் பிர்லா அகாடமிச் சுவரும் டிசம்பர் வரை காலியாகவே இருந்திருக்கும். சென்னையிலும் கல்கத்தாவிலும் உள்ள தமிழ் அமைப்புகளுக்கு ஈழத்துக் கலைஞர்களுக்காக இன்னொரு அஞ்சலிக் கூட்டம் தேவையில்லை. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வரும் ஓவியருக்கு மூன்று மாத வாடகை, அச்சு எந்திரம், காகிதம், ஒரு சுவர். அவர் போரை வரைந்தாலும் பூனையை வரைந்தாலும் கேள்வி கேட்காத ஒரு செயலாளர். அந்தச் செலவு ஓர் இசை விழாச் சீசனின் பந்தல் செலவைத் தாண்டாது.