இரண்டு சுரம் பாடும் சிப்

பட்டன் போனில் 5-ஐ அழுத்தியதும் காதில் விழும் 'பீப்', ஒற்றை ஒலி அல்ல. 770 ஹெர்ட்ஸும் 1336 ஹெர்ட்ஸும் சேர்ந்து எழுவது. கூர்ந்து கேட்டால் அடியில் ஒரு கனத்த சுரமும் மேலே ஒரு மெல்லிய சுரமும் பிரிந்து தெரியும். எத்தனை இனிமையான ஜோடி!

அதை எழுப்புவது சின்னஞ்சிறு டயலர் சிப். மைக்ரோகன்ட்ரோலர் ஒவ்வொரு பிட்டாக அனுப்பும் கட்டளையைப் பொறுமையாக வாங்கிக்கொண்டு, முழுதாக வந்த பிறகே வாய் திறக்கும். கலர் டிவிக்காகப் பிறந்த 3.579545 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல்தான் இத்தகைய பல சிப்களுக்குத் தாளம். அந்தப் பரபரக்கும் துடிப்பை வகுத்து வகுத்துக் குறைத்து, படிப்படியாக ஏறி இறங்கும் அலையாக்கி, காதை உறுத்தாத சுரமாக வளைத்தெடுக்கும் நேர்த்தி இருக்கிறதே, அதுதான் இதன் கைவண்ணம்.

டோன் புரியாத பழைய எக்ஸ்சேஞ்ச் என்றால் அதே சிப் பல்ஸுக்கு மாறிவிடும். டக், டக், டக்கென்று நொடிக்கு 10 முறை லைனைத் துண்டித்து இணைக்கும். பெரும்பாலான நாடுகளில் 1-க்கு ஒரு துடிப்பு, 0-க்கு 10. ஓர் எண் முடிந்ததும் சற்று நிற்கவும் அதற்குத் தெரியும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் 2-ம் 3-ம் சேர்ந்து எக்ஸ்சேஞ்சுக்கு 5 ஆகிவிடும்.